அணையும் ஒளியை வைத்து அளப்பது

டீ வருவதற்குள் ஒரு சின்ன வேலை செய்துவிடலாம். பழுப்பு ஓடுள்ள கோழிமுட்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கடைகளில் கள்ளநோட்டு பார்க்க வைத்திருப்பார்களே, அந்தப் புறஊதா விளக்கு ஒன்றும் வேண்டும். டார்ச் வடிவிலும் கிடைக்கிறது. அறையை நன்றாக இருட்டாக்கிவிட்டு, கண்ணில் படாமல் முட்டையின் மேல் மட்டும் வெளிச்சத்தை அடியுங்கள். ஓடு செக்கச்செவேலென்று ஒளிரும். நாமக்கல்லிலிருந்து வரும் வெள்ளை முட்டையில் இந்தச் சிவப்பு அநேகமாகத் தெரியாது. ஓட்டுக்குப் பழுப்பு நிறம் தருகிற பொருளேதான் இப்படி ஒளிர்கிறது. அதன் பெயர் புரோட்டோபோர்ஃபைரின்.

போர்ஃபைரின் என்பது குடும்பப் பெயர். நான்கு கார்பனும் ஒரு நைட்ரஜனும் சேர்ந்த சின்ன வளையத்துக்குப் பைரோல் என்று பெயர். அப்படி நான்கு பைரோல்கள், நான்கு கார்பன் பாலங்களால் கைகோத்து ஒரு பெரிய தட்டையான வளையமாகின்றன. நைட்ரஜன்கள் நான்கும் உள்நோக்கி நிற்பதால், நடுவில் ஓர் உலோக அணு உட்காரும் அளவுக்கு இடம் விழுகிறது. அங்கே இரும்பு உட்கார்ந்தால் அது ஹீம், நம் இரத்தத்தின் சிவப்பு. வளையத்தைச் சற்று மாற்றி மக்னீசியத்தை உட்கார வைத்தால் பச்சையம். ஹீமின் அமைப்பை உறுதிசெய்து, அதன் நெருங்கிய சேர்மமான ஹீமினை ஆய்வகத்தில் கட்டியும் காட்டிய ஜெர்மானிய வேதியியலர் ஹான்ஸ் ஃபிஷருக்கு 1930-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது ஒன்றைக் கவனியுங்கள். ஹீமில் இருப்பதும் முட்டை ஓட்டில் இருக்கிற அதே புரோட்டோபோர்ஃபைரின் வளையம்தான். ஆனால் முட்டை ஒளிர்கிறது, இரத்தம் ஒளிர்வதில்லை. ஓட்டில் இருக்கும் வளையத்தின் நடு இடம் உலோகமில்லாமல் காலியாக இருக்கிறது; ஹீமில் அங்கே இரும்பு. அந்த ஓர் அணு வந்து உட்கார்ந்ததும் ஒளி போய்விடுகிறது. நடுவில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்தே இந்த மூலக்கூறின் தொழில் அமைகிறது என்பதைத்தான் இன்று பொறுமையாகச் சொல்லப் பார்க்கிறேன். இரும்பு வைத்த வளையம் ஆக்சிஜனைச் சுமக்கிறது. பிளாட்டினம் வைத்த வளையம் ஆக்சிஜனைச் சுமக்காது. ஆனால் சுற்றிலும் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று சொல்லும். தன் ஒளி அணைவதன் மூலமாகவே அதைச் சொல்லும். வேதியியலில் எனக்கு மிகவும் பிடித்த விஷயங்களில் இது ஒன்று.

முதலில் ஒளி உள்ளே போவதைப் பார்ப்போம். போர்ஃபைரின்கள் 400 நானோமீட்டரைச் சுற்றியுள்ள ஊதா ஒளியை மிகத் தீவிரமாக உறிஞ்சுகின்றன. 1883-ல் இரத்தத்தில் இதைக் கண்டு சொன்ன சுவிட்சர்லாந்துக்காரர் ஜாக்-லூயி சோரே. அந்த உறிஞ்சு பட்டைக்கு இன்றும் அவர் பெயர்தான். 500-லிருந்து 700 நானோமீட்டர் வரை இன்னும் சில வலுக்குறைந்த பட்டைகள் உண்டு. உள்ளே போவது ஊதா அல்லது பச்சை. வெளியே வருவது சிவப்பு. இரண்டுக்கும் இடையே இவ்வளவு தூரம் இருப்பது அளப்பவர்களுக்குப் பெரிய வசதி. ஒரு வண்ண வடிகட்டியை வைத்து நாம் அடிக்கும் ஒளியை முற்றாகத் தடுத்துவிட்டு, மூலக்கூறு தரும் ஒளியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

ஒளியை விழுங்கிய மூலக்கூறு அந்த ஆற்றலை எப்படித் திருப்பித் தருகிறது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. மூலக்கூறில் எலக்ட்ரான்கள் இரண்டிரண்டாக, ஒன்றின் சுழற்சிக்கு மற்றது எதிராக, இணைந்திருக்கும். ஒளி பட்டதும் ஒன்று மேலேறுகிறது. சுழற்சி மாறாமல் மேலே இருந்தால், சட்டென்று கீழே இறங்கி ஒளியை உமிழ்ந்துவிடும். பள்ளிப் பாடநூலில் இதை உடனொளிர்தல் என்று படித்திருப்பீர்கள். உலோகமில்லாத போர்ஃபைரினுக்கு இதற்கு ஆகும் நேரம் சுமார் 10 நானோ நொடி. துத்தநாகம் வைத்ததற்கு 2 நானோ நொடி. ஆனால் மேலே போன எலக்ட்ரான் தன் சுழற்சியைத் திருப்பிக்கொண்டுவிட்டால், இரண்டும் ஒரே திசையில் சுழலும் மும்மை நிலை உருவாகிறது. அங்கிருந்து நேராக இறங்க விதி இடம் தராது. சுழற்சி மறுபடி திரும்பினால்தான் இறங்க முடியும். அதனால் காத்திருப்பு நீள்கிறது. அப்படிக் காத்திருந்து மெதுவாக வரும் ஒளிக்கு நின்றொளிர்தல் என்று பெயர்.

சாதாரண போர்ஃபைரினில் மும்மை நிலைக்குப் போனவை அறை வெப்பத்தில் பெரும்பாலும் ஒளியே தராமல் வெப்பமாக முடிந்துவிடும். இங்கேதான் பிளாட்டினமும் பல்லேடியமும் வருகின்றன. கனமான அணுக்கருவுக்கு அருகில் எலக்ட்ரானின் சுழற்சி எளிதாகத் திரும்புகிறது. ஆகவே, மேலே போன மூலக்கூறுகள் அநேகமாக அனைத்தும் மும்மை நிலைக்கு இறங்குகின்றன. அங்கிருந்து ஒளியாக வெளியே வருவதற்கும் வழி திறக்கிறது. பிளாட்டினம் ஆக்டாஎத்தில்போர்ஃபைரின் என்ற பிரபலமான சேர்மம் 645 நானோமீட்டரை ஒட்டி ஆழ்ந்த சிவப்பில் ஒளிர்கிறது. அதன் ஒளிர்வு ஆயுள் சுமார் 90 மைக்ரோ நொடி. பல்லேடியம் வைத்தால் ஆயுள் ஒரு மில்லி நொடி அளவுக்கு நீள்கிறது. நானோ நொடியிலிருந்து மைக்ரோ நொடிக்கு வருவது ஆயிரம் மடங்கு. மில்லி நொடி என்றால் அதற்கு மேலும் பல மடங்கு.

இந்தக் காத்திருப்பு எதற்கு உதவுகிறது? டீக்கடை முன்னால் சாலையைக் கடந்து விடுவிடுவென்று போகிறவரை வழியில் யாரும் பிடித்து நிறுத்திப் பேச முடியாது. அதே கடை பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பவரைத் தெரிந்தவர் யாராவது ஒருவர் நிச்சயமாகப் பார்த்துவிடுவார்; ஊரில் தெரிந்தவர்கள் எவ்வளவு அதிகமோ அவ்வளவு சீக்கிரம் பார்ப்பார். நானோ நொடியில் ஒளியைத் துப்பிவிடும் மூலக்கூறு முதலாமவர். மைக்ரோ நொடிக் கணக்கில் காத்திருக்கும் பிளாட்டினப் போர்ஃபைரின் இரண்டாமவர். வந்து சந்திப்பது ஆக்சிஜன்.

வேறு எதுவும் இல்லாமல் ஏன் ஆக்சிஜன்? ஆக்சிஜன் மூலக்கூறு சாதாரண நிலையிலேயே இணை சேராத இரண்டு எலக்ட்ரான்களோடு, அதாவது மும்மை நிலையிலேயே இருக்கும் அபூர்வப் பிறவி. காற்றில் நான்கில் மூன்று பங்குக்கு மேலிருக்கும் நைட்ரஜன் அப்படியில்லை. மும்மை நிலையில் காத்திருக்கும் போர்ஃபைரினும் ஆக்சிஜனும் மோதினால், சுழற்சி விதிகளை மீறாமலே ஆற்றலைக் கைமாற்றிக்கொள்ளலாம். ஆக்சிஜன் அடுத்த படிக்கு ஏற ஒரு மோலுக்கு 94 கிலோஜூல் போதும். போர்ஃபைரினிடம் அதைவிட அதிகமாகவே இருக்கிறது. மோதியதும் போர்ஃபைரின் ஒளி தராமல் கீழே இறங்கிவிடுகிறது, ஆக்சிஜன் கிளர்ந்து எழுகிறது. சில மைக்ரோ நொடிகளில் அதுவும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். சாயங்களின் ஒளியை ஆக்சிஜன் அணைப்பதையும், அப்போது கிளர்ந்த ஆக்சிஜன் ஒன்று பிறப்பதையும் 1931-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஹான்ஸ் கௌட்ஸ்கி சிலிக்கா ஜெல் மணிகளை வைத்து அழகாகக் காட்டினார். 1960-களில்தான் உலகம் அவரை முழுமையாக ஏற்றுக்கொண்டது.

இனி கணக்கு. பயப்பட வேண்டாம், ஒரே ஒரு வரிதான். 1919-ல் ஓட்டோ ஸ்டெர்னும் மாக்ஸ் ஃபோல்மரும் எழுதியது. ஆக்சிஜனே இல்லாதபோது இருக்கும் ஒளிர்வு ஆயுளை, ஆக்சிஜன் இருக்கும்போதுள்ள ஆயுளால் வகுங்கள். கிடைப்பது, ஒன்றோடு ஒரு மாறிலியையும் ஆக்சிஜன் அளவையும் பெருக்கிக் கூட்டிய தொகைக்குச் சமம். எடுத்துக்காட்டாக ஒரு படலத்தின் ஆயுள் ஆக்சிஜன் இல்லாதபோது 60 மைக்ரோ நொடி, காற்றில் 20 மைக்ரோ நொடி என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 3. ஒன்றைக் கழித்தால் 2. அதுதான் காற்றிலுள்ள 21 சதவீத ஆக்சிஜன் செய்த வேலை. இப்போது அதே படலத்தை மூடிய உணவுப் பொட்டலம் ஒன்றுக்குள் ஒட்டிப் பார்க்கிறீர்கள். ஆயுள் 30 மைக்ரோ நொடி என்று வருகிறது. விகிதம் 2, ஒன்றைக் கழித்தால் 1. ஆக, உள்ளே இருப்பது காற்றில் உள்ளதில் பாதி, பத்தரை சதவீதம். பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.

பிரகாசத்தை அளக்காமல் ஏன் ஆயுளை அளக்க வேண்டும் என்று கேட்பீர்கள். பிரகாசம் பல காரணங்களால் குறையும். விளக்கு மங்கலாம், சாயம் வெளிறலாம், கண்ணாடியில் அழுக்குப் படியலாம், இழை வளையலாம். இவை எல்லாமே ஆக்சிஜன் கூடிவிட்டது போன்ற பொய்த் தோற்றத்தைத் தரும். ஆனால் ஒரு மூலக்கூறு எவ்வளவு நேரம் காத்திருக்கிறது என்பதை இவை எதுவும் மாற்றுவதில்லை. பத்து லட்சம் மூலக்கூறுகள் இருந்த இடத்தில் ஒரு லட்சம்தான் மிச்சம் என்றாலும், அந்த ஒரு லட்சமும் அதே நேரத்தைத்தான் சொல்லும். கருவியில் செய்வது இதுதான்: ஒளியைச் சீராகத் துடிக்கவிட்டு, திரும்பி வரும் சிவப்புத் துடிப்பு எவ்வளவு பிந்தி வருகிறது என்று பார்க்கிறார்கள். மைக்ரோ நொடித் தாமதத்தை அளக்க விலை குறைந்த மின்னணுச் சுற்றே போதும். நானோ நொடி என்றால் விலை உயர்ந்த ஆய்வகக் கருவிகள் தேவைப்பட்டிருக்கும். கன உலோகம் தந்த நீண்ட ஆயுளால் இப்படி இரண்டு நன்மை.

மூலக்கூறு மட்டும் கையிலிருந்தால் சென்சார் ஆகிவிடாது. சாயத்தைப் பாலிஸ்டைரீன், சிலிக்கோன் ரப்பர், எத்தில் செல்லுலோஸ் போன்ற ஒரு பாலிமரில் கரைத்து மெல்லிய படலமாகப் பூச வேண்டும். பாலிமர்தான் ஆக்சிஜனை எவ்வளவு வேகமாக உள்ளே விடலாம் என்று முடிவு செய்கிறது. சிலிக்கோன் தாராளமாக விடும். குறைந்த ஆக்சிஜனையும் உணரலாம், ஆனால் காற்றின் அளவிலேயே ஒளி பெரும்பாலும் அணைந்துவிடும். பாலிஸ்டைரீன் சற்றுக் கெட்டி. காற்றின் அளவு வரையிலும் நல்ல வித்தியாசம் தெரியும். நீரில் கரைந்த உப்பை இவை உள்ளே விடுவதில்லை என்பதால் சேற்றுநீரிலும் கடல்நீரிலும் சாயம் பாதுகாப்பாக இருக்கிறது. வெப்பம் கூடினால் பாலிமருக்குள் ஆக்சிஜனின் ஓட்டம் வேகமெடுக்கும். அதனால் இத்தகைய சென்சார் எதுவும் பக்கத்தில் ஒரு வெப்பமானி இல்லாமல் வேலை செய்வதில்லை.

இன்னொரு சிக்கல் உண்டு. கிளர்ந்தெழுந்த ஆக்சிஜன் மிகவும் வினைத்திறன் கொண்டது. தன்னைப் பிறப்பித்த போர்ஃபைரினையே தாக்கி, சிறிது சிறிதாக அரித்துவிடும். புற்றுநோய்க்கு ஒளிவழிச் சிகிச்சை தருபவர்கள் இதே குணத்தைக் கட்டியைக் கொல்லப் பயன்படுத்துகிறார்கள். அளப்பவர்களுக்கு இதுதான் தலைவலி. வளையத்தைச் சுற்றி ஃப்ளூரின் நிறைந்த பக்கக் குழுக்களை வைப்பது ஒரு நல்ல தீர்வு. ஃப்ளூரின் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் வளையம் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடைவதில்லை. பிளாட்டினத்தோடு இருபது ஃப்ளூரின் அணுக்கள் கொண்ட அப்படி ஒரு போர்ஃபைரின்தான் இன்று பல ஆக்சிஜன் சென்சார்களின் உள்ளே இருக்கிறது.

இந்தத் தொழில்நுட்பம் முதலில் பெரிதாகத் தலைகாட்டிய இடம் கடலோ மருத்துவமனையோ அல்ல. விமானங்களைச் சோதிக்கும் காற்றுச் சுரங்கம். சிறகின் மேல் எங்கே எவ்வளவு அழுத்தம் என்று தெரிய, முன்பெல்லாம் மாதிரி விமானத்தில் நுண்துளைகள் போட்டு, ஒவ்வொன்றிலும் குழாய் வைத்து அளப்பார்கள். சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் கூட்டர்மன் போர்ஃபைரின்களின் நிறத்துக்கு நான்கு சுற்றுப்பாதை விளக்கம் தந்த கோட்பாட்டாளர். அவருடைய குழு 1980-களில் வேறொரு வழி கண்டது. காற்றில் ஆக்சிஜனின் பங்கு எப்போதும் 21 சதவீதம்; ஆகவே அழுத்தம் கூடினால் ஆக்சிஜனும் கூடும், ஒளி மங்கும். மாதிரி முழுவதும் பிளாட்டினப் போர்ஃபைரின் கலந்த பெயின்ட் அடித்து, ஊதா ஒளி காட்டி, கேமராவில் படம்பிடித்தால், மேற்பரப்பு முழுவதற்கும் அழுத்த வரைபடம் கிடைத்துவிடும். சோவியத் ரஷ்யாவிலும் தனியாக இதே வழிக்கு வந்து சேர்ந்தார்கள். சியாட்டில் குழுவில் இதைத் தன் முனைவர் பட்ட ஆய்வாகச் செய்தவர் ஜேனட் கவாண்டி. 1990-ல் பட்டம் பெற்றார். 1998-லிருந்து 2001-க்குள் மூன்று முறை விண்வெளி ஓடத்தில் பறந்தார். போர்ஃபைரின் ஆய்வேடு எழுதியவர் விண்வெளி வீரரானது எனக்கு மிகவும் மகிழ்ச்சி தரும் செய்தி.

அதே காலத்தில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் டேவிட் வில்சனும் ஜேன் வான்டர்கூயும் இன்னொரு பக்கத்திலிருந்து வந்தார்கள். 1987-ல் அவர்கள் பல்லேடியம் போர்ஃபைரினைக் கரைசலிலேயே போட்டு ஆக்சிஜனை அளக்கும் முறையை வெளியிட்டார்கள். உயிருள்ள திசுவில் இதன் பயன் பெரிது, ஏனெனில் சிவப்பொளியும் அதற்கு அப்பாலுள்ள அகச்சிவப்பும் சதையை ஓரளவு ஊடுருவி வெளியே வரும். ஆனால் இரத்தத்தில் இருக்கும் புரதங்கள் சாயத்தைப் பிடித்துக்கொண்டால் மாறிலி மாறிவிடும். இதற்காக செர்கேய் வினோகிராடோவ், போர்ஃபைரினைச் சுற்றிக் கிளைகிளையாக ஓர் உறை வளர்த்து, வெளிப்புறம் தண்ணீரோடு மட்டும் உறவாடும்படி செய்தார். அப்படிப்பட்ட ஒரு பிளாட்டினச் சாயத்தை வைத்து, உயிருள்ள எலியின் மண்டையோட்டு எலும்பு மஜ்ஜைக்குள்ளேயே ஆக்சிஜன் அளந்த ஆய்வு 2014-ல் வந்தது. நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜனின் அழுத்தம் சுமார் 160 மில்லிமீட்டர் பாதரசம். இரத்தக் குழாய்கள் அடர்ந்திருக்கும் மஜ்ஜையில் அது 32-க்கும் கீழே; எலும்பிலிருந்து தள்ளியிருக்கும் சில பகுதிகளில் 10-ஐ ஒட்டியே இருந்தது. இரத்தத்தின் மூலச்செல்கள் வாழும் இடத்தில் இவ்வளவு குறைந்த ஆக்சிஜன் என்பதை ஊகிக்காமல் நேரடியாக அளந்தே சொல்ல முடிந்தது.

பிளாட்டினத்தை உடலுக்குள் செலுத்த மனிதர்களிடம் தயங்குவது நியாயம். எக்பெர்ட் மிக் 2006-ல் ஒரு மாற்றைக் காட்டினார். நம் செல்களுக்குள் மைட்டோகாண்ட்ரியாவில் ஹீம் தயாராகும்போது, இரும்பு சேர்வதற்கு முந்தைய படியில் புரோட்டோபோர்ஃபைரின் உருவாகிறது. அதற்கு மூலப்பொருளான அமினோலெவுலினிக் அமிலத்தைக் கூடுதலாகக் கொடுத்தால் புரோட்டோபோர்ஃபைரின் தற்காலிகமாகச் சேர்ந்துவிடும். உலோகமில்லாத அந்த வளையத்தின் மும்மை நிலையிலிருந்தும் மிக மங்கலாக, பிந்திய ஒளி கொஞ்சம் வருகிறது. அதன் ஆயுளை ஆக்சிஜன் குறைக்கிறது. இன்று மார்பில் ஒரு மருந்துப் பட்டையை ஒட்டி, தோலின் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஆக்சிஜனைப் படுக்கையருகிலேயே அளக்கும் கருவி இருக்கிறது.

உடலே செய்துகொடுக்கும் சென்சாருக்கு இதைவிடப் பழைய எடுத்துக்காட்டு ஈயம். ஈயம் உடலில் சேர்ந்தால், வளையத்துக்குள் இரும்பை வைக்கும் நொதி தடுமாறுகிறது. இரும்புக்குப் பதிலாகத் துத்தநாகம் போய் உட்கார்ந்துவிடுகிறது. இரும்பு வைத்தது ஒளிராது, துத்தநாகம் வைத்தது ஒளிரும். ஆகவே ஈயம் தாக்கியவரின் சிவப்பணுக்கள், ஊதா ஒளி பட்டால் 594 நானோமீட்டர் வாக்கில் ஆரஞ்சு கலந்த சிவப்பில் மினுங்கும். 1970-களில் பெல் ஆய்வகத்தின் வில்லியம் பிளம்பெர்க், ஜோசப் ஐசிங்கர், ஆஞ்செலோ லமோலா ஆகியோர் இதை அளக்கத் தூக்கிச் செல்லக்கூடிய கருவி ஒன்று செய்தார்கள். விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம், ஒரு கண்ணாடித் துண்டு, அவ்வளவுதான். சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்வதால், இன்றைய ஈயத்தை மட்டுமல்ல, கடந்த சில மாதங்களின் தாக்கத்தையும் அது காட்டியது. அமெரிக்காவில் ஈயத்தோடு வேலை செய்யும் தொழிலாளர் பாதுகாப்பு விதிகளிலேயே இந்தச் சோதனை இடம்பெற்றது.

ஆனால் இதன் எல்லையையும் சொல்ல வேண்டும். உடலில் இரும்பே குறைவாக இருந்தாலும் அந்த இடத்தில் துத்தநாகம்தான் உட்காரும். நம் நாட்டில் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று இரும்புச்சத்துக் குறைவு. இங்கே அந்த மினுக்கத்தை மட்டும் பார்த்து ஈயம் என்று முடிவு கட்ட முடியாது. ஈயம் கொஞ்சமாக இருந்தால் மினுக்கம் கூடுவதும் இல்லை. குழந்தைகளுக்கான எச்சரிக்கை அளவை அமெரிக்கா 1991-ல் ஒரு டெசிலிட்டருக்கு 25 மைக்ரோகிராமிலிருந்து 10-ஆகக் குறைத்தபோது, குழந்தைகளைச் சலித்தெடுக்க இந்தச் சோதனை போதாமல் போயிற்று. ஈயத்தையே நேராக அளக்கும் முறைகள் அந்த இடத்துக்கு வந்தன.

ஆக்சிஜனைத் தவிர மற்ற வேதிப்பொருள்களுக்கும் போர்ஃபைரின் சென்சார்கள் ஆய்வகங்களில் ஏராளம். அமிலப் புகை பட்டால், காலியான நடு இடத்தின் நைட்ரஜன்கள் புரோட்டானை ஏற்று, ஊதாநிறப் படலம் பச்சையாகும். ஒளிர்வும் இடம் மாறும். கெட்டுப்போகும் மீனிலிருந்து வரும் அமீன்கள், துத்தநாகப் போர்ஃபைரினின் உலோகத்தைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். இல்லினாயில் கென்னத் சஸ்லிக் 2000-ல் பல உலோகப் போர்ஃபைரின்களைப் புள்ளிபுள்ளியாக வைத்து, அவற்றின் நிறமாற்றக் கோலத்தைக் கொண்டே வாசனைகளை இனம்கண்டார். செம்பு வளையத்துக்குள் புகுந்தால் ஒளி அணையும். பாதரசம் சற்றுப் பெரிய அயனி. உள்ளே முழுவதும் அடங்காமல் மேலே உட்கார்ந்து வளையத்தை வளைத்துவிடும், மறுபக்கம் வழியாக இன்னொரு உலோகம் எளிதாக நுழையும். போர்ஃபைரின்களையே தூண்களாக வைத்து, நடுவே நுண்ணிய கால்வாய்கள் ஓடும் படிகங்களையும் கட்டுகிறார்கள். மெல்பர்னில் ரிச்சர்ட் ராப்சன் 1994-லேயே அப்படி ஒன்றைக் கட்டினார். இத்தகைய உலோக–கரிமச் சட்டகங்களுக்காக 2025-ன் வேதியியல் நோபல் அவருக்கும் சுசுமு கிட்டகாவா, ஓமர் யாகி இருவருக்கும் கிடைத்தது.

இவற்றையும் ஆக்சிஜன் சென்சாரையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஒளி அணைவதை வைத்து ஓர் உலோக அயனியைக் கண்டேன் என்று சொல்லும் கட்டுரை வந்தால், நான் முதலில் பார்ப்பது, அணைக்கக்கூடிய மற்றவற்றை எப்படி விலக்கினார்கள் என்பதைத்தான். சுத்தமான தண்ணீரில் செம்பை மட்டும் போட்டுப் பார்ப்பது வேறு. உப்பும் சேறும் இலைச்சாறும் கலந்த ஆற்றுநீரில் பார்ப்பது வேறு. ஆக்சிஜன் சென்சார் மட்டும் இவ்வளவு நம்பகமானதற்குக் காரணம் இருக்கிறது. காற்றிலும் நீரிலும் சாதாரணமாக இருக்கும் வாயுக்களில் மும்மை நிலையில் காத்திருப்பதை இப்படி அணைக்கக்கூடியது அது ஒன்றுதான். மிச்சமுள்ள அயனிகளையும் அழுக்கையும் பாலிமர் வெளியிலேயே நிறுத்திவிடுகிறது. மூலக்கூறின் இயற்பியலும் பொருளின் கட்டுமானமும் சேர்ந்து தந்த நம்பிக்கை அது.

அந்த நம்பிக்கையின் மேல்தான் இன்று கடலின் ஆக்சிஜன் கணக்கு நிற்கிறது. 1888-ல் லாயோஷ் விங்க்ளர் தந்த முறையில், தண்ணீரைப் புட்டியில் பிடித்து, மாங்கனீசும் அயோடைடும் சேர்த்துச் சொட்டுச் சொட்டாக அளக்க வேண்டும். இன்றும் மிகத் துல்லியமானது, ஆனால் கப்பல் வேண்டும், ஆள் வேண்டும். 1950-களில் லீலண்ட் கிளார்க் செய்த மின்முனை வசதியானது. இறால் பண்ணைகளில் டிஓ மீட்டர் என்று வைத்திருப்பவற்றில் பலவும் அந்த வகை. அது அளக்கும்போதே ஆக்சிஜனைத் தின்கிறது. தண்ணீர் அசைந்துகொண்டிருக்க வேண்டும், சவ்வை அடிக்கடி மாற்ற வேண்டும். போர்ஃபைரின் படலம் எதையும் தின்பதில்லை, அசைவும் கேட்பதில்லை. அதனால்தான் உலகக் கடல்களில் மிதக்கும் ஆர்கோ மிதவைகளில் ஆக்சிஜன் அளப்பவை இதைச் சுமக்கின்றன. அத்தகைய மிதவை வழக்கமாகப் பத்து நாளைக்கு ஒருமுறை 2000 மீட்டர் ஆழத்துக்கு இறங்கி, அளந்துகொண்டே மேலே வந்து, செயற்கைக்கோளுக்குத் தகவல் அனுப்பிவிட்டு மறுபடி மூழ்கும். ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாத சென்சார் சரியாகத்தான் சொல்கிறதா? மேலே வரும்போது படலத்தைக் காற்றில் நீட்டி ஓர் அளவு எடுக்கச் செய்கிறார்கள். காற்றின் ஆக்சிஜன் எல்லோருக்கும் தெரிந்தது. படலம் எவ்வளவு விலகியிருக்கிறது என்று அதை வைத்துத் திருத்திவிடலாம்.

நம் வங்காள விரிகுடாவில் இதற்குக் கடினமான ஒரு தேர்வு காத்திருக்கிறது. அதன் நடு ஆழத்தில் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை என்னும் அளவுக்குக் குறைவு. அரபிக்கடலின் அதே போன்ற அடுக்கில், நீரிலுள்ள நைட்ரேட்டை நுண்ணுயிர்கள் பெருமளவில் நைட்ரஜன் வாயுவாக மாற்றிவிடுகின்றன. கடலின் உரம் காற்றுக்குப் போய்விடுகிறது. வங்காள விரிகுடாவில் அந்த நுண்ணுயிர்கள் இருந்தும் அந்த இழப்பு மிகக் குறைவு. 2017-ல் வெளியான ஆய்வில், நுண்ணளவை அளக்கும் தனி மின்முனைகளால் பார்த்தபோது, அங்கே லிட்டருக்கு 10 முதல் 200 நானோமோல் ஆக்சிஜன் மிச்சமிருந்தது. காற்றோடு சமநிலையில் இருக்கும் மேற்பரப்பு நீரில் உள்ளதில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைவு. அந்தத் துளி ஆக்சிஜனை வைத்து வேறு நுண்ணுயிர்கள் நைட்ரைட்டைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்வதால், நைட்ரஜனாக்குபவற்றுக்குப் போதிய நைட்ரைட் கிடைப்பதில்லை.

மிதவையில் இருக்கும் வழக்கமான பிளாட்டினப் படலத்தால், துளி ஆக்சிஜன் இருப்பதற்கும் அறவே இல்லாததற்கும் உள்ள இந்த வித்தியாசத்தைப் பார்க்க முடியாது. அதற்கு இன்னும் நீண்ட காத்திருப்பும், ஆக்சிஜனை இன்னும் தாராளமாக உள்ளே விடும் பாலிமரும் வேண்டும். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் செர்கேய் போரிசோவ், இங்கோ கிளிமன்ட் குழுவினர், நீண்ட ஆயுள் கொண்ட போர்ஃபைரின் சாயங்களை ஃப்ளூரின் பாலிமர்களில் ஏற்றி, 2015-ல் ஒரு நானோமோலுக்கும் கீழே பார்க்கும் கருவியை வெளியிட்டார்கள். இவ்வளவு கூர்மையான படலத்துக்கு மேற்பரப்பு நீரின் ஆக்சிஜன் மிக அதிகம். அங்கே அதன் ஒளி முழுவதும் அணைந்துகிடக்கும். மேலிருந்து ஆழம் வரை ஒரே மிதவை அளக்க வேண்டுமானால், பிளாட்டினப் படலம் ஒன்றும் இத்தகைய படலம் ஒன்றும் பக்கம்பக்கமாக இருக்க வேண்டும்.